அம்பு இல்லாத கோடு

எங்கள் அறையில் அவருக்குப் பெயர் ஜோசியர். வைத்தது நான்தான். பத்து வருடம் கழித்து யார் எந்த மாதிரி சிப் கேட்பார்கள் என்று இன்றைக்கே உட்கார்ந்து சொல்கிற வேலைக்கு வேறு என்ன பெயர் வைப்பது? விசிட்டிங் கார்டில் என்னவோ இரண்டு வரி நீளத்துக்குப் போட்டிருந்தார்கள். அதை வாய்விட்டுப் படித்து முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும். ஜோசியர் என்றதும் முதலில் முகத்தைச் சுளித்தார். அடுத்த வாரம் போனை எடுத்து, "ஜோசியர் பேசறேன்" என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் விற்ற சிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. சாதாரண சிப் ஆலையை விட்டு வரும்போதே தன் வேலையைத் தெரிந்துகொண்டு வரும். கால்குலேட்டர் சிப் கூட்டும், கடிகாரச் சிப் நேரம் காட்டும், ஆயுள் முழுக்க அதற்கு அதுதான். எங்களுடையது எழுதாத பலகை மாதிரி வரும். வாங்குகிறவர் தனக்கு வேண்டிய சர்க்யூட்டை அதற்குள் எழுதிக்கொள்ளலாம். சரிவரவில்லையா, அழித்துவிட்டு வேறு எழுதலாம். பெரிய கம்பெனிகள் பெரிய சிப்பாக வாங்கும். எல்லாவற்றுக்கும் கடைசியில் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு சிப் இருந்தது. சூடாகாது, கெடாது, விலையும் குறைவு. அதைப் பொடியன் என்போம். சின்னப் பட்டறைக்காரர்கள் எல்லாம் அதை நம்பித்தான் பிழைத்தார்கள்.

ஜோசியரும் நானும் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடமும் ஜெனரேட்டர் கொட்டகையும். ஏசி ஒழுகுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. சுவர் முழுக்க அவருடைய கோடுகள். ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு கோடு. எந்த வருடம் பிறக்கும், எந்த வருடம் வரை ஓடும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன்னால் காகிதத்தில் அளவுகோல் வைத்து வரைந்து பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. சட்டைப் பையில் நான்கு நிறப் பேனா. துவைக்கப் போடும்போது எடுக்க மறந்து, அவருடைய சட்டைகளில் பாதிக்கு நெஞ்சில் ஊதாக் கறை.

என் வேலை கடிதம் எழுதுவது. சிப்பில் ஏதாவது மாற்றம் வந்தால் வாங்குகிறவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். நல்ல செய்தி என்றால் விற்பனைக்காரர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நேரில் போய்ச் சொல்லிக்கொள்வார்கள். கெட்ட செய்தி என்றால் மட்டும் என் மேஜைக்கு வரும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஜோசியருக்குக் கோபமே வராது. அவர் மனைவி ஒருமுறை அலுவலக விருந்துக்கு வந்தபோது சொன்னார்: "ராத்திரிக்கு என்ன சமைக்கறதுன்னு கேட்டா இவருக்கு வாயே திறக்காது. பத்து வருஷம் கழிச்சு என்ன சமைக்கலாம்னு கேளுங்க, கலர் கலரா படம் போட்டுக் குடுப்பாரு." அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டில் செருப்பு வாங்குவதுகூட அந்த அம்மாதான்.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அவர் வாய் நிறையப் பேசுவார். அது அவருடைய அக்கா.

அக்காவும் ஜோசியரைப் போலவே எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். "மூளையெல்லாம் அக்காவுக்குப் போயிடுச்சும்மா, மிச்சத்தை வெச்சு என்னைச் செஞ்சாங்க" என்பார் ஜோசியர். நோயாளிக்குச் சொட்டு மருந்தை அளந்து ஏற்றுகிற பம்ப் இருக்கிறதே, அதற்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையை அக்காவின் பட்டறையில் செய்தார்கள். ஓர் அச்சகத்துக்கு மேல் மாடியில் வாடகைக்கு இரண்டு அறை, வேலைக்கு ஒன்பது பேர். நானும் ஒருமுறை போயிருக்கிறேன். கீழே அச்சு எந்திரம் ஓடினால் மேலே மேஜை கிடுகிடுவென்று ஆடும். அதனால் பொடிச் சாமான்களைப் பற்றவைக்கிற வேலையை எல்லாம் அச்சகத்துக்காரர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் வைத்துக்கொள்வார்கள். கீழே எந்திரம் நின்றதும் மேலே ஒன்பது பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிவார்கள். அவர்கள் சாப்பாடு அதற்கப்புறம்தான்.

அந்தப் பலகையில் எந்த சிப்பை வைப்பது என்று அக்கா தேடிக்கொண்டிருந்த காலத்தில் ஜோசியர் சொன்னது பொடியனைத்தான். மருத்துவக் கருவி என்றால் சும்மா இல்லை. ஒரு பாகத்தை மாற்றினாலும் மொத்தக் கருவியையும் மறுபடி சோதித்துக் காட்டி அனுமதி வாங்க வேண்டும், அதற்கே வருடங்கள் ஓடிவிடும். அதனால் அக்கா அவரைத் துருவித் துருவிக் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"இது நிக்குமாடா? நடுவுல கைவிட்டுட மாட்டீங்களே?"

"கவலைப்படாம போடுக்கா. அதுக்குக் கோடு போடறதே நான்தான்."

கோடு என்றால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கோட்டின் முனையில் அம்பு இருந்தால் அந்தச் சிப் தொடரும், நிறுத்துகிற எண்ணம் இல்லை என்று அர்த்தம். முனை மொட்டையாக இருந்தால் அதோடு முடிந்தது. பொடியனுடைய கோடு எப்போதும் படத்தின் அடியில், எல்லாவற்றையும் விட நீளமாக, அம்போடு ஓடும்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் புதிதாக ஒரு தலைமை அதிகாரி வந்தார். கெட்டிக்காரர், மரியாதையானவர், ஆனால் எதுவானாலும் அவருக்கு ஒரே பக்கத்தில் வேண்டும். நாற்பது பக்க அறிக்கையை நீட்டினால் திருப்பிக்கூடப் பார்க்காமல், "ஒரு பக்கத்துல குடுங்க" என்பார். அதனால் பெயரே ஒருபக்கம் ஆகிவிட்டது. அவர் ஜோசியரைக் கூப்பிட்டுப் பத்து வருடத் திட்டம் மொத்தத்தையும் ஒரே பக்கத்தில் கேட்டார்.

ஜோசியர் பாவம், ஒரு வாரம் அந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்டினார். எழுத்தைச் சின்னதாக்கினார், கோடுகளை நெருக்கினார், தலைப்பை ஓரமாகத் தள்ளினார். எல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் வலது மூலையில் கம்பெனி லோகோ இருக்க வேண்டும் என்பது விதி. லோகோவைச் சுற்றி இவ்வளவு வெற்றிடம் விட வேண்டும் என்பதும் விதி. பொடியனின் அம்பு அந்த வெற்றிடத்துக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. விளம்பரப் பிரிவிலிருந்து படத்தைத் திருப்பி அனுப்பினார்கள், லோகோவின் மேல் எதுவும் படக்கூடாது என்று குறிப்போடு.

அவர் அம்பை நறுக்கிவிட்டார். பக்கம் முடிகிற இடத்தில் கோடு முடிந்தால் அது பக்கத்தின் குறைதான், சிப் முடிந்ததாக ஆகாது என்பது எங்கள் அறையில் எல்லாருக்கும் தெரியும். இருபது வருடமாக அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறோம். படம் போனது, சிப் செய்து தரும் ஆலைக்கும் ஒரு நகல் போனது. ஒருபக்கத்துக்கு ரொம்பப் பிடித்துப்போய், சட்டம் போட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டிக்கொண்டார்.

அப்புறம் பல மாதம் எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் காலையில், எங்களுக்குச் சிப் செய்து தரும் ஆலையிலிருந்து தகவல் வந்தது. உங்கள் திட்டப்படி பொடியன் முடிவதால், அது ஓடும் பழைய எந்திர வரிசையை வேறு ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டோம், ஒத்துழைப்புக்கு நன்றி. ஜோசியர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "யாரோ குழம்பிட்டாங்கம்மா" என்றார். போன் போட்டுக் கேட்டார். அவர்கள் குழம்பவில்லை. ஆதாரமாக எங்கள் படத்தையே எங்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள், பொடியனின் மொட்டை முனையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு.

அவர் முகம் வெளிறிப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "நீயும் வாம்மா" என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஒருபக்கத்தின் அறைக்குப் போனார்.

"சார், பொடியன் முடியலை. இடம் பத்தாம அம்பை எடுத்துட்டேன்."

"எடுத்தீங்களா? ஏன்?"

"லோகோ மேல பட்டுது சார்."

தலைமை அதிகாரி திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"இதை நான் மேலிடத்துல காட்டிட்டேன். எல்லாரும் சரின்னுட்டாங்க. பொடியன் வேலை பார்த்த டீமைப் பிரிச்சுப் பெரிய சிப்புக்கு மாத்தியாச்சு. பாதிப் பேரு வேற கம்பெனிக்கே போயிட்டாங்க. இப்ப ஆலையும் போச்சு."

"தப்பு என்னோடதுன்னு நானே வந்து சொல்றேன் சார்."

"தப்பு யாரோடதுங்கறது இல்ல இப்ப. இதைச் சரிபண்ண யாருகிட்ட போகணும்? சொல்லுங்க, நானே போறேன்."

அவர் உண்மையாகத்தான் கேட்டார். யாரிடம் போவது என்று எங்களுக்கும் தெரியவில்லை. மனுஷன் கெட்டவராக இருந்திருந்தாலாவது நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போனதில் எனக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது.

ஜோசியர் விடவில்லை. யாரையும் எதிர்த்துப் பேசி அறியாத மனுஷன், ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினார். பழைய டீமின் தலைவர், "ஆளே இல்லாம நான் மட்டும் என்ன சார் பண்றது" என்று கையை விரித்தார். விற்பனைப் பிரிவில், "பொடியனை வித்து யாரு சார் பெரிய ஆளானாங்க" என்று கேலி பண்ணினார்கள். ஆலைக்காரர்களிடம் கெஞ்சியே பார்த்தார். வரிசையைப் பிரித்து எந்திரத்தைக்கூட ஏற்றி அனுப்பிவிட்டோம் என்றார்கள். ஒவ்வொருவரும் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு முடிவெடுத்திருந்தார்கள், ஒவ்வொரு முடிவும் இன்னொன்றின் மேல் உட்கார்ந்திருந்தது. அழித்து அழித்து எழுதலாம் என்று ஊருக்கெல்லாம் சிப் விற்கிற கம்பெனியில், ஒரு கோட்டின் முனையை மாற்றி எழுத ஆள் இல்லை. அவர் திரும்பி வந்து சுவரில் இருந்த பழைய கோடுகளை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இதில் இன்னொரு கொடுமை. நிறுத்துவதை அறிவிக்கும் கடிதம் போகும்வரை வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது. முன்பு ஒரு பெரிய கம்பெனி முன்கூட்டியே மோப்பம் பிடித்து ஒரு சிப்பை மொத்தமாக வாங்கிப் பதுக்கிவிட்டது, சின்னவர்கள் எல்லாம் திண்டாடிப்போனார்கள். அதற்கப்புறம் வந்த விதி இது. சின்னவர்களுக்காக வற்புறுத்தி அந்த விதியைக் கொண்டுவந்தவரே ஜோசியர்தான்.

அந்த நாட்களில்தான் அக்கா போன் பண்ணினார். ஸ்பீக்கர் போடவே தேவையில்லை, அந்தச் சந்தோஷக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"டேய், பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க நம்ம பம்ப்பையே எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்கடா. பொடியன் இந்தத் தடவை ரெண்டு மடங்கு கேட்டு ஆர்டர் போட்டிருக்கேன். அப்புறம் குழந்தைங்களுக்குன்னு ஒரு சின்ன பம்ப், அதுக்கும் அனுமதிக்குப் போட்டாச்சு. அதுலயும் பொடியன்தான்."

ஜோசியர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார்.

"என்னடா சத்தமே காணோம்?"

"இல்லக்கா. நல்ல விஷயம்."

"அனுமதி குடுக்கறவங்க ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. இந்த சிப்பு இன்னும் பத்து வருஷம் கிடைக்குமான்னு. கிடைக்கும்னு எழுதிக் குடுக்கட்டுமா?"

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

"கொஞ்சம் பொறுக்கா," என்றார்.

"எதுக்குப் பொறுக்கணும்?"

"சும்மாதான். ஒரு ரெண்டு வாரம் பொறு."

"உங்க ஆபீஸ்ல எதைக் கேட்டாலும் இதே பாட்டுதான். சரி, சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றார். டப்பா திறக்காமல் மேஜையில் இருந்தது.

போனை வைத்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "சொல்லித் தொலைங்க சார். விதியாவது மண்ணாவது. கூடப் பிறந்தவங்க."

"சொல்லலாம்மா. சொன்னா அக்கா என்ன பண்ணும்? கிடைக்கறதை வாங்கி வெச்சுக்கும், வேற பட்டறைக்காரனுக்கு இல்லாமப் போகும். அவனுக்கும் ஒரு ஒன்பது பேர் இருப்பாங்க. அவ்வளவு வாங்க அக்காவாலயும் முடியாது." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்படிப் பார்த்தாலும் அம்பு திரும்ப வராதும்மா."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, வாளித் தண்ணீரைக் கொட்டுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் பொடியனுக்குப் பதிலாக எதை வைக்கலாம் என்று மற்றக் கம்பெனிகளின் சிப் விவரங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று சூடாகும், ஒன்று பெரியது, ஒன்றின் கம்பிக் கால்கள் அக்காவின் பலகையில் பொருந்தவில்லை. பொருந்தியிருந்தாலும் அனுமதியை முதலிலிருந்து வாங்க வேண்டும்.

கடிதத்தை நான்தான் எழுதினேன். வேறு யார் எழுதுவார்கள்? "எங்கள் நீண்டகால வளர்ச்சித் திட்டத்திற்கேற்ப" என்று தொடங்கும், எல்லாக் கடிதமும் அப்படித்தான் தொடங்கும். ஜோசியர் அதைப் படித்துவிட்டு, "வளர்ச்சிங்கற வார்த்தையை எடுத்துட முடியுமாம்மா?" என்று கேட்டார். வக்கீல்கள் பார்த்து முடித்த வாசகம், ஒரு எழுத்தைத் தொட முடியாது. முடியாது சார் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திட்டப் பிரிவுக் கடிதத்தில் அவர் கையெழுத்துத்தான் இருக்க வேண்டும்.

கடிதம் போன அடுத்த வாரம் அக்கா வந்துவிட்டார். வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னபோது ஜோசியர் நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். நானும் கூடப் போனேன்.

வரவேற்பறையில் கண்ணாடி மேஜை, நாலு நாற்காலி, மூலையில் பிளாஸ்டிக் செடி. அக்கா உட்காரவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குழந்தைங்க பம்ப்பை வாபஸ் வாங்கச் சொல்லிட்டாங்க," என்றார். "பாகம் கிடைக்காதுன்னா அனுமதி கிடையாதாம். ஆஸ்பத்திரிலயும் அதைக் கேட்டுட்டுப் பின்வாங்கிட்டாங்க. இருக்கற சிப்பை வெச்சு ஒரு வருஷம் ஓட்டலாம். அப்புறம் மாடிய காலி பண்ணணும்."

"அக்கா..."

"உனக்கு அன்னிக்கே தெரியுமா, பொறுன்னு சொன்னப்ப?"

"தெரியும்."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சரி, ஏன் நிறுத்தறாங்க? அதுல கோளாறா? எங்க போர்டுல இதுவரைக்கும் ஒண்ணுகூட போகலையேடா."

"கோளாறெல்லாம் இல்லக்கா."

"பின்ன?"

ஜோசியர் சொல்லிவிட்டார். பக்கம், லோகோ, வெற்றிடம், அம்பு எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடி மேஜையின் மேல் விரலால் கோடு போட்டே காட்டினார். அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் படித்தவர்தானே, பாதியிலேயே புரிந்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

"திரும்பப் போட முடியாதா?"

"எல்லார்கிட்டயும் போய்க் கேட்டேன்கா. முடியலை. என்னால ஒண்ணுமே பண்ண முடியலை."

அதைச் சொல்லும்போது அவர் அழுதார். வரவேற்பறைப் பெண் கம்ப்யூட்டரில் ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். நான் பிளாஸ்டிக் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா கிட்டே வந்து அவருடைய தோளில் கை வைத்தார். கோபம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பேச்சு ரொம்ப மெதுவாக வந்தது.

"தம்பி, இதை நான் அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? ஒன்பது பேர் உட்கார்ந்திருக்காங்க, நான் போனதும் ஏன்னு கேப்பாங்க. லோகோ மேல பட்டுதுன்னா சொல்ல முடியும்? வேற ஒரு காரணம் குடுடா. கேட்டா சரிதான்னு தோணற மாதிரி ஒண்ணு."

ஜோசியர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிறுத்தப்பட்ட சிப்புகளுக்கெல்லாம் என்ன காரணம் சொல்வது வழக்கமோ, அதையே சொன்னார்.

"வாங்க ஆள் இல்லன்னு சொல்லுக்கா. அதனாலதான் நிறுத்திட்டாங்கன்னு சொல்லு."

இரண்டு மடங்கு ஆர்டர் போட்டிருந்த அக்கா அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "அப்படின்னா நம்புவாங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்கு ஒருநாள் வரச் சொல்லிவிட்டுப் போனார்.